க்யூஓ-100இல் குறுக்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்யூஓ-100 செயற்கைக்கோள் வழியாகப் பேசத் தொடங்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் முதலில் எந்த டிஷ் வாங்குவது, எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, "என்னை ஏன் எல்லோரும் கடிந்துகொள்கிறார்கள்?" என்று வந்து நிற்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டாவது கேள்விக்காக. கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

க்யூஓ-100 என்பது என்ன? மற்ற ஹாம் செயற்கைக்கோள்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்ற தொலைக்காட்சிச் செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை (வரும் அலையை வாங்கிப் பெருக்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிகள்) பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பகுதிக்குத்தான் க்யூஓ-100 என்று பெயர். 2018 நவம்பர் 15 அன்று ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏவினார்கள். 2019 பிப்ரவரியில் ஹாம்களுக்குத் திறந்துவிட்டார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகையை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்கு மேலே புவியோடு சேர்ந்து சுற்றுகிறது. புவிநிலைப் பாதையில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் வசதி இது.

மற்ற ஹாம் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் தாழ்வான பாதையில் ஓடுபவை. பத்துப் பதினைந்து நிமிடம் தலைக்கு மேல் கடந்து மறைந்துவிடும். க்யூஓ-100 நகராது. பிரேசிலின் கிழக்குப் பகுதி முதல் தாய்லாந்து வரை, இருபத்துநான்கு மணி நேரமும், அத்தனை பேரும் ஒரே துண்டு அலைவரிசையில் கூடுகிறார்கள். வசதியும் அதுதான், தொல்லையும் அதுதான்.

இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் அகலமானது டிவிக்கு, குறுகியது பேச்சுக்கும் மோர்ஸுக்கும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் குறுகிய டிரான்ஸ்பாண்டரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு 2400.0 முதல் 2400.5 மெகாஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்புகிறோம் (அப்லிங்க்), அது 10489.5 முதல் 10490.0 மெகாஹெர்ட்ஸ் வரை திரும்பி வருகிறது (டவுன்லிங்க்). இரண்டுக்கும் இடைவெளி எப்போதும் 8089.5 மெகாஹெர்ட்ஸ்.

சார், தமிழ்நாட்டிலிருந்து எட்டுமா? உரிமம் வருவதற்குள் கேட்டுப் பழகலாமா?

நன்றாக எட்டும். சென்னையிலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 27 பாகை உயரத்தில் இருக்கிறது. மதுரையில் அது 30 பாகையைத் தொடும், கொழும்பில் 28. மேற்குப் பக்கம் தென்னந்தோப்போ அடுக்குமாடியோ மறைக்காமல் இருந்தால் போதும். 75 சென்டிமீட்டர் டிஷ், சாதாரண டிடிஎச் எல்என்பி (டிஷ்ஷின் முனையில் இருக்கும் ஏற்புப் பெட்டி), யூஎஸ்பியில் செருகும் ஒரு மலிவான எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் வானொலி) ஏற்பி: கேட்பதற்கு வேறெதுவும் வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் இங்கிலாந்தின் கூன்ஹில்லி செயற்கைக்கோள் நிலையத்தில் வைத்திருக்கும் வெப்எஸ்டிஆர் ஏற்பியை இணையத்தில் திறந்து கேளுங்கள். பேசுவதற்குக் கட்டாயம் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் நீங்கள் அனுப்பப்போகும் அலைவரிசை அடங்கியிருக்க வேண்டும். 2400 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கீடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பக்கத்து ஊர் நண்பர் பேசுகிறார் என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில வாரங்கள் கேட்க மட்டும் செய்தவர்கள் பேச வரும்போது யாருக்கும் இடைஞ்சலாக இருப்பதில்லை. உரிமத்துக்காகக் காத்திருக்கும் காலத்தைச் சலித்துக்கொள்ள வேண்டாம்.

அரை மெகாஹெர்ட்ஸ் தாராளமாக இருக்கிறதே, ஒருவரோடு ஒருவர் எப்படி மோதிக்கொள்வார்கள்?

ஒரு எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை முறை) உரையாடலுக்கு 2.7 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். இங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அகலமும் அதுதான். மோர்ஸுக்கும் டிஜிட்டல் முறைகளுக்கும் பீக்கன்களுக்கும் (இடைவிடாமல் ஓடும் அடையாள சிக்னல்கள்) ஒதுக்கியது போக மிச்சத்தில்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எஸ்டிஆர் மென்பொருளின் வாட்டர்ஃபால் திரையை (சிக்னல்கள் நேரப்படி கோடுகளாக இறங்கும் படம்) பாருங்கள். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும்.

ஆனால் இட நெருக்கடியால் வரும் மோதல் குறைவு. பெரும்பாலான தொல்லைகளுக்கு மூன்று காரணங்கள்: அளவுக்கு மீறிய வலு, நிலையில்லாத அலைவரிசை, தன் குரல் கீழே எப்படி இறங்குகிறது என்று கேட்காமலே பேசுவது. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த மூன்றையே சுற்றி வரும்.

என்னிடம் 20 வாட் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதிகம் விட்டால் எல்லோருக்கும் தெளிவாகத்தானே கேட்கும்?

உங்களுக்குத் தெளிவாக இருக்கும், மற்றவர்களுக்குத் தேய்ந்துபோகும். இந்த டிரான்ஸ்பாண்டர் தனித்தனியாக யாரையும் பிரித்து எடுப்பதில்லை. அரை மெகாஹெர்ட்ஸில் வந்த அத்தனையையும் அப்படியே வாங்கி, மொத்தமாகப் பெருக்கி, கீழே அனுப்புகிறது. அதனிடம் இருக்கும் வெளியீட்டு ஆற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே நிலையம் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் தானியங்கிக் கட்டுப்பாடு எல்லோருக்குமான பெருக்கத்தைக் குறைத்துவிடும். தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது கடைசி வீட்டுக் குழாயில் காற்று வருகிறதல்லவா, அதே கதை. சிறிய டிஷ்ஷோடு பேசுபவர்தான் முதலில் காணாமல் போவார்.

வடிவமைத்தவர்கள் கணக்கில் வைத்தது 75 சென்டிமீட்டர் டிஷ், அதன் முனையில் உச்சமாக 5 வாட். ஒழுங்கான நிலையங்கள் அதற்கும் குறைவாகவே விட்டு நிம்மதியாகப் பேசுகின்றன. சிக்னல் மீட்டரில் முள் எகிறுவதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் எச்.எஃப். (சிற்றலை) பேண்டிலிருந்து நாம் சுமந்து வந்தது. அதை இங்கே இறக்கி வைத்துவிடுங்கள்.

எவ்வளவு விடலாம் என்று வாட்டில் ஒரு எண் சொல்லுங்களேன்.

வாட்டில் சொன்னால் தவறாகிவிடும். டிஷ் அளவு, கேபிள் இழப்பு, ஃபீட் (டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் ஆன்டெனா) பொருத்திய விதம் எல்லாம் சேர்ந்துதான் மேலே போவதைத் தீர்மானிக்கின்றன. எனவே அளவுகோல் மேலேயிருந்து வருகிறது. குறுகிய டிரான்ஸ்பாண்டரில் மூன்று பீக்கன்கள் உண்டு: கீழ் எல்லை 10489.500இல், நடுவில் 10489.750இல், மேல் எல்லை 10490.000இல். நடுவிலுள்ளது டிஜிட்டல் பீக்கன். எல்லைகளில் உள்ளவை மோர்ஸ். எந்த நிலையத்தின் சிக்னலும் டவுன்லிங்கில் பீக்கனை விட வலுவாக இருக்கக் கூடாது. விதி இவ்வளவுதான்.

செய்து பார்க்கும் முறை இது. நடு பீக்கனும் உங்கள் அலைவரிசையும் ஒரே நேரத்தில் திரையில் தெரியும்படி எஸ்டிஆர் மென்பொருளை விரித்து வையுங்கள். ஸ்பெக்ட்ரம் கோட்டில் பீக்கனின் தலை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலுவை அடிமட்டத்தில் வைத்து, அழைப்புக்குறியை (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) சொல்லியபடி மெல்ல ஏற்றுங்கள். பேச்சு ஏறி இறங்கும். சராசரியைப் பார்த்து ஏமாறாமல் உச்சத்தைப் பாருங்கள். பீக்கனின் தலையைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்குச் சில டெசிபல் கீழே இருந்தாலும் எதிர்முனை உங்களைத் தெளிவாகவே கேட்கும். அந்த இடத்தில் குமிழுக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் குரல் மேல் சைரன் மாதிரி ஏதோ ஒலித்தது. யார் செய்கிறார்கள்?

அதுதான் லெய்லா. பெண் பெயர் போலத் தோன்றினாலும், வலு வரம்பைச் சுட்டுவது என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர். 2000ஆம் ஆண்டு ஏவிய ஏஓ-40 செயற்கைக்கோளிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. க்யூஓ-100இல் தரை நிலையம் டவுன்லிங்கைக் கண்காணித்து, வரம்பு மீறும் சிக்னலின் மேலேயே அந்த ஒலியை ஏற்றிவிடுகிறது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சைரனும் விடாது. ஒலி கேட்டால் உடனே வலுவைக் குறையுங்கள். மன்னிப்புக் கேட்டுப் பெரிய விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒருமுறையாவது அதைச் சம்பாதித்தவர்கள்தான்.

நான் 1 வாட்தான் விடுகிறேன். எனக்கு ஏன் லெய்லா வந்தது?

உங்கள் டிஷ் என்ன அளவு? இந்தக் கேள்வியைக் கேட்பவர் வீட்டு மாடியில் பெரும்பாலும் பழைய பெரிய சி-பேண்ட் டிஷ் ஒன்று நிற்கும். டிஷ்ஷின் விட்டம் இரண்டு மடங்கானால் பெருக்கம் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு கூடும். 75 சென்டிமீட்டரில் 5 வாட் என்பதும் 1.5 மீட்டரில் 1.25 வாட் என்பதும் செயற்கைக்கோளுக்கு ஒன்றே. 2.4 மீட்டர் டிஷ் வைத்திருந்தால் அரை வாட்டே பத்து மடங்காகத் தெரியும். அதனால்தான் வாட்டில் எண் சொல்ல மறுத்தேன்.

பெரிய டிஷ் தவறில்லை. கேட்பதற்கு அது வரம். அனுப்பும்போது மட்டும் குமிழை அதற்கேற்பத் திருப்புங்கள்.

என் குரலை நானே கேட்டபடி பேச வேண்டும் என்கிறார்கள். நாக்குக் குழறுகிறது. அவசியமா?

அவசியம். இங்கே அதற்கு விதிவிலக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. நம் ஊரிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய 39,000 கிலோமீட்டர். குரல் மேலே போய்த் திரும்பக் கால் நொடிக்குச் சற்று அதிகமாகிறது. அந்தத் தாமதத்தோடு தன் குரல் காதில் விழும்போது மூளை தடுமாறுவது இயல்பு. சொற்கள் இழுபடும், இடையில் நின்றுவிடும்.

பழக வழி இருக்கிறது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் மட்டும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி மைக்கில் நுழைந்து ஊளையிடும். ஒரு காதை மட்டும் மூடி, ஒலியை மிகக் குறைத்து வைத்து, பேச்சைக் கவனிக்காமல் திரையைக் கவனியுங்கள். உங்கள் சிக்னல் எங்கே விழுகிறது, எவ்வளவு உயரம், பக்கத்தில் யார் என்று கண் பார்த்துக்கொள்ளட்டும். பேசி முடித்த நொடியில் உங்கள் கடைசிச் சொல் காதில் விழும். அது சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். குரலைக் காதில் தாங்கவே முடியாதவர்கள் ஒலியை அணைத்துத் திரையை மட்டும் பார்க்கிறார்கள். அதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டும் இல்லாமல் பேசுவதைத்தான் ஏற்க முடியாது.

நேற்று இருந்த இடத்தில் இன்று ஸ்டேஷன்களைக் காணவில்லை. எல்லோரும் இடம் மாறிவிட்டார்களா?

மாறியது உங்கள் எல்என்பி. அதற்குள் ஒரு அலையியற்றி (ஆஸிலேட்டர்) 9750 மெகாஹெர்ட்ஸில் ஓடி, 10489 மெகாஹெர்ட்ஸை 739 மெகாஹெர்ட்ஸாக இறக்கிக் கொடுக்கிறது. டிவி பார்ப்பதற்கு அது கொஞ்சம் நகர்ந்தாலும் பாதகமில்லை. நமக்கோ, இந்த உயரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும், மூன்று எஸ்.எஸ்.பி. உரையாடல்களின் அகலம் அது. தமிழ்நாட்டில் டிஷ் மேற்கு பார்த்து நிற்பதால் பிற்பகல் வெயில் எல்என்பி மேல் நன்றாக விழும். மூன்று மணிக்கு ஒரு இடம், ஆறு மணிக்கு வேறு இடம்.

இதனால் குறுக்கீடு எப்படி வருகிறது என்றால், திரையில் காட்டும் எண்ணை நம்பி, அதிலிருந்து 8089.5ஐக் கழித்து அனுப்புகிறார்கள். அது எங்கோ நடுவில் ஓடும் உரையாடலின் தலையில் போய் விழுகிறது. டிரான்ஸ்பாண்டர் எல்லைக்கு வெளியே விழுந்தவர்களும் உண்டு. தீர்வு: பேச உட்காரும்போதெல்லாம் நடு பீக்கனைப் பிடித்து அது சரியாக 10489.750இல் வரும்படி திருத்துங்கள். பீக்கனைப் பின்தொடர்ந்து தானாகவே திருத்திக்கொள்ளும் மென்பொருள்கள் உள்ளன. கையில் காசு இருந்தால் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய குறிப்பு அலையியற்றியை எல்என்பிக்கும் அனுப்பிக்கும் கொடுத்துவிடுங்கள். இந்தக் கவலை முற்றாக ஒழியும். முதல் செலவை ஆம்ப்ளிஃபையரில் செய்யாமல் இதில் செய்யுங்கள் என்பேன்.

வாட்டர்ஃபாலில் காலியாக இருந்த இடத்தில்தான் அழைத்தேன். அப்படியும் "இங்கே ஆள் இருக்கிறது" என்கிறார்களே?

எஸ்.எஸ்.பி.யில் மூச்சுவிடும் நேரத்தில் எதுவும் தெரியாது. ஒருவர் பேசி முடித்து மற்றவர் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியை நீங்கள் காலி என்று எடுத்துக்கொண்டீர்கள். வாட்டர்ஃபாலின் வேகத்தைக் குறைத்து, கடந்த ஒன்றிரண்டு நிமிடங்களின் தடம் தெரியும்படி வையுங்கள். பிறகு "அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, அழைப்புக்குறியும் சொல்லி, சில நொடி பொறுங்கள். மோர்ஸில் க்யூஆர்எல் என்று தட்டுவது இதற்குத்தான்.

பக்கத்து உரையாடலின் நடுவிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பது குறைந்தபட்சம். கூட்டம் இல்லாத நேரத்தில் ஐந்து விட்டால் இருவருக்கும் நிம்மதி. அலைவரிசைத் திட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்: கீழ்ப்பகுதி மோர்ஸுக்கு, அதையடுத்து டிஜிட்டல் முறைகளுக்கு, நடு பீக்கனின் இருபுறமும் எஸ்.எஸ்.பி.க்கு, மேலே கலப்புப் பயன்பாட்டுக்கு. பீக்கன்களை ஒட்டி யாரும் உட்காரக் கூடாது. அவசரத் தகவலுக்கென ஒதுக்கிய இடத்தில் வழக்கமான அரட்டை வேண்டாம்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலி இடத்தில் அழைத்துவிட்டால் யார் விலகுவது?

இதற்கு எழுதிய விதி கிடையாது. மேலே சொன்ன கால் நொடித் தாமதத்தால் இருவருமே எதுவும் அறியாமல் தொடங்கிவிடுவார்கள். தன் டவுன்லிங்கைக் கேட்பவர் அடுத்த நொடியே மோதலை உணர்ந்துவிடுவார். கேட்காதவர் அழைப்பை முழுதாக முடிப்பார். அதனால் நடைமுறையில் கேட்பவரே விலகுகிறார். நியாயமில்லைதான். ஆனால் கேட்காதவரிடம் நியாயம் பேச வழியில்லையே. 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய் அழையுங்கள், ஒரு நிமிட வேலை.

எஃப்.எம்.மில் பேசினால் என்ன? என் கையடக்கக் கருவியில் அதுதானே இருக்கிறது?

கூடாது. எஃப்.எம். சிக்னல், நீங்கள் வாயைத் திறக்காமல் பொத்தானை அழுத்தியிருந்தாலும், முழு வலுவில் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.பி.யில் பேச்சு இருந்தால்தான் ஆற்றல். பொது ஆற்றலை எல்லோரும் பங்கிடும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. அகலமும் 2.7 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டிவிடும்.

என் சிக்னல் பீக்கனுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் "பக்கத்தில் சிதறுகிறது" என்று புகார். எப்படி?

வலு வேறு, சுத்தம் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை வைஃபை பூஸ்டர்கள். பெட்டியில் 8 வாட் என்று அச்சிட்டிருக்கும்; சுத்தமாகக் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். அதற்கு மேல் தள்ளினால் ஆம்ப்ளிஃபையர் தன் வரம்பில் முட்டி, உங்கள் குரலின் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து, இருபுறமும் புதிய அலைகளாகச் சிதறும். திரையில் உங்கள் கோட்டின் இரு பக்கமும், பேச்சு ஓங்கும்போது மட்டும், மங்கலான சிறகுகள் விரியும். பக்கத்து உரையாடலில் இருப்பவருக்கு அது கரகரவென்று கேட்கும்.

உள்ளீட்டு வலுவைக் குறையுங்கள். வெளியீடு கொஞ்சம்தான் குறையும், சிறகுகள் மளமளவென்று மறையும். மைக் பெருக்கத்தையும் பேச்சு அழுத்தியையும் (கம்ப்ரஸர்) குறைத்துப் பாருங்கள். வலுக் குறைந்த இந்த நிலையில் பீக்கனுக்குப் பத்து டெசிபல் கீழே போய்விட்டீர்கள் என்றால், ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதை விட டிஷ்ஷைச் சரியாகக் குறிவைத்து, கேபிளைச் சுருக்குவது மலிவு. 2.4 கிகாஹெர்ட்ஸில் சாதாரண கேபிள் பத்து மீட்டரில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆம்ப்ளிஃபையரை டிஷ்ஷுக்கு அடியிலேயே பெட்டியில் வைப்பவர்கள் அதனால்தான் வைக்கிறார்கள்.

நான் பேசினால் வீட்டில் வைஃபை நின்றுவிடுகிறது. வீட்டில் சண்டை. என்ன செய்வது?

நாம் அனுப்பும் 2400 மெகாஹெர்ட்ஸுக்கு ஒட்டினாற்போல் வைஃபையின் முதல் சேனல் தொடங்குகிறது. அதன் நடு 2412. ரூட்டரை 11ஆவது சேனலுக்கு மாற்றுங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கே போய்விடுங்கள். டிஷ் வானத்தை நோக்கியிருந்தாலும் ஃபீடிலிருந்து பக்கவாட்டில் கசிவது உண்டு. பக்கத்து வீட்டாருக்கும் இதே நேர்ந்தால் நீங்களே போய்ச் சேனலை மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிரச்சினை காவல் நிலையம் வரை போகாது. அனுப்புவதற்கு முன்பு டிஷ்ஷின் முன்னால் யாரும் நிற்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரோ வேண்டுமென்றே ஜாம் செய்கிறார்கள். நான் கேட்கும் எல்லா இடத்திலும் இரைச்சல்!

கோபப்படுவதற்கு முன்பு டிஷ்ஷைச் செயற்கைக்கோளிலிருந்து சில பாகை விலக்கிப் பாருங்கள். பீக்கன் மறைந்த பிறகும் அந்தத் தொல்லை அப்படியே நின்றால் அது உங்கள் தெருவில் பிறந்தது, செயற்கைக்கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்என்பியிலிருந்து இறங்கும் 739 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, 700 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கைபேசிச் சேவைகளும் இயங்குகின்றன. திருகு தளர்ந்த கனெக்டர், கவசம் மெலிந்த கேபிள் வழியாக அவை நுழைந்துவிடும். எல்இடி விளக்கு, மலிவான மின்மாற்றி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராக எழுந்து, பீக்கனும் சேர்ந்து மங்கினால் காலண்டரைப் பாருங்கள். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், சென்னையில் மாலை நான்கு மணி தாண்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் அந்த வாரத்தில் எனக்கு வரும் "ஜாமர்" புகார்களுக்குச் சூரியன் பொறுப்பு.

உண்மையிலேயே ஒருவர் வேண்டுமென்று தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது?

டிரான்ஸ்பாண்டரை நடத்துவதில் ஜெர்மனியின் ஆம்சாட்-டிஎல் என்ற ஹாம் செயற்கைக்கோள் சங்கம், கத்தாரின் ஹாம் சங்கம், செயற்கைக்கோளுக்குச் சொந்தமான எஸ்ஹெயில்சாட் நிறுவனம் ஆகியவை பங்கெடுக்கின்றன. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசிடம்தான் இருக்கிறது. பதிவு செய்யுங்கள்: நேரத்தை உலக நேரத்தில் குறியுங்கள், அலைவரிசையை எழுதுங்கள், வாட்டர்ஃபால் படம் எடுங்கள், அழைப்புக்குறி சொன்னால் ஒலியையும் சேமியுங்கள். ஊகத்தில் யார் பெயரையும் குழுக்களில் போடாதீர்கள். அழைப்புக்குறியைத் திருடிப் பேசுபவர்களும் உண்டு.

அந்த நேரத்தில் அலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பதில் பேசாமல் இடம் மாறுவது. தொல்லை கொடுப்பவர் தேடுவது கேட்பவரின் எரிச்சலைத்தான், அது கிடைக்காவிட்டால் சலித்துப்போவார்.

அரிய நாட்டு ஸ்டேஷன் வந்தால் நூறு பேர் ஒரே இடத்தில் கத்துகிறார்கள். அதற்கு என்ன ஒழுங்கு?

அந்த ஸ்டேஷனை நடத்துபவர்தான் ஒழுங்கைத் தர வேண்டும். தான் பேசும் இடத்துக்கு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பதாக அறிவித்துவிட்டால் அவர் குரல் எல்லோருக்கும் சுத்தமாகக் கேட்கும். கூட்டம் அதற்கென்ற இடத்தில் அடித்துக்கொள்ளட்டும். அழைப்பவர்கள் குறியை ஒருமுறை சொல்லி நிறுத்தினால் போதும். இங்கே ஒருவரையொருவர் எல்லோரும் கேட்கிறோம் என்பதை நினைவில் வைத்திருங்கள்; எச்.எஃப்.பில் போல "அவர் குரல் எனக்கு எட்டவில்லை" என்ற சாக்கு செல்லாது. கூட்டத்தில் முந்த வலுவை ஏற்றுபவருக்கு லெய்லா காத்திருக்கிறாள்.

டிவி அனுப்பும் அகலமான டிரான்ஸ்பாண்டரிலும் இதே விதிகள்தானா?

அடிப்படை ஒன்றே: பீக்கனை மிஞ்சக் கூடாது. ஆனால் அங்கே உயரத்தோடு அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். டவுன்லிங்கில் 10491.5 மெகாஹெர்ட்ஸில் டிவி பீக்கன் ஓடுகிறது; எஞ்சிய சில மெகாஹெர்ட்ஸை எல்லோரும் பங்கிடுகிறார்கள். நீங்கள் குறியீட்டு வேகத்தை (சிம்பல் ரேட்) பாதியாக்கினால் அகலமும் பாதியாகும். வலுவை அப்படியே விட்டால் உங்கள் சிக்னல் 3 டெசிபல் உயரமாக எழுந்து நிற்கும். வேகத்தைக் குறைக்கும்போது வலுவையும் குறைக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது.

பிரிட்டனின் அமெச்சூர் டிவி சங்கம் அந்த டிரான்ஸ்பாண்டரின் ஸ்பெக்ட்ரத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறது. காலி இடத்தை அதில் பார்த்து, அருகிலுள்ள உரையாடற்பெட்டியில் சொல்லிவிட்டு ஏறுவது வழக்கம். சோதனைப் படத்தை மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

செயற்கைக்கோள் இல்லாமல் தரையில் 10 கிகாஹெர்ட்ஸ், 1296 மெகாஹெர்ட்ஸ் என்று வேலை செய்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். தரையில் பொது ஆற்றல் என்று எதுவும் இல்லை, லெய்லாவும் இல்லை. 60 சென்டிமீட்டர் டிஷ் 10 கிகாஹெர்ட்ஸில் மூன்றரைப் பாகைக்குள் கற்றையைக் குவித்துவிடுகிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு ஜோடிகள் வேறுவேறு திசையில் தொல்லையில்லாமல் பேசலாம். அதனாலேயே ஒருவரை ஒருவர் கேட்காமல் மூன்றாமவர் தலையில் விழுவதும் நடக்கும். மழை மேகம் ஒன்று இடையில் வந்தால் கற்றை சிதறி, எதிர்பாராத ஊரில் இறங்கும். குறுகிய சிக்னல்கள் 10368 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கூடுவது வழக்கம்; 10489 பக்கம் தரையிலிருந்து யாரும் அனுப்பக் கூடாது, அது செயற்கைக்கோளைக் கேட்பவர்களின் இடம்.

இன்னொரு சிக்கல், இந்த பேண்டுகளில் பெரும்பாலும் நாம் இரண்டாம் நிலைப் பயனர்கள், அதாவது முதல் உரிமை பெற்ற சேவைகளுக்கு இடையூறு செய்யக் கூடாதவர்கள். 1296 மெகாஹெர்ட்ஸ் அடங்கிய 23 சென்டிமீட்டர் பேண்டுக்குள், 1278.75 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்து, ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் ஒரு சிக்னலை அனுப்புகின்றன. ஹாம் நிலையங்கள் அதற்கு இடையூறு செய்ததாகப் புகார் எழுந்து, விஷயம் 2023இல் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடு வரை போனது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எம்.2164 என்ற பரிந்துரையை வெளியிட்டு, அந்த பேண்டில் எங்கே எவ்வளவு வலு விடலாம் என்று நாடுகளுக்கு வழி சொல்லியிருக்கிறது. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்), டிவி என்று நிரந்தரமாக ஓடும் எதையும் 23 சென்டிமீட்டரில் நிறுவ நினைப்பவர்கள் டவருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.